எட்டு எழுத்துச் சாதகம்: சீனப் பிறப்புக் கட்டத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சுக்கடையில் 22 வருஷம் கணக்கெழுதினேன். தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் அடிப்போம், சீனக் கல்யாண அட்டையும் அடிப்போம். சீன அட்டைக்கு யாராவது வந்தால் தவுக்கே, அதாவது கடையின் சீன முதலாளி, முதலில் தேதியைக் கேட்பார். கேட்டதும் மேசைக்கு அடியிலிருந்து தோங் ஷூவை எடுத்துப் புரட்டுவார். தோங் ஷூ நம் பஞ்சாங்கம் மாதிரி, வருஷத்துக்கு ஒன்று வரும். பல வருஷம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேனே தவிர, கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

2017இல் தோன்றியது. என் மகளுக்கு அப்போது 16 வயது. தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஒருவரிடம் அவளுடைய சீனச் சாதகத்தைக் காட்டினோம். ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “இந்தக் கட்டத்தில் நெருப்பே இல்லை. இவளுக்கு நெருப்புதான் புருஷன். கல்யாணம் கஷ்டம்” என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் அந்தத் தாளைத் தவுக்கேயிடம் நீட்டினேன். அவர் நெருப்பைத் தேடவே இல்லை. “பிறந்த நேரத்தைத் திருத்திப் போட்டாரா?” என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு கடை சாத்தியதும் அரைமணி நேரம், கழிவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் கற்றுக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இந்தச் சாதகத்துக்கு பாட்சு என்று பெயர். எட்டு எழுத்து என்று பொருள். ஆண்டு, மாதம், நாள், மணி என்று நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து. மேலே வருவதை வானத் தண்டு என்பார்கள், கீழே வருவதைப் பூமிக் கிளை என்பார்கள். தண்டுகள் 10, கிளைகள் 12. கிளைகள்தான் எல்லோருக்கும் தெரிந்த மிருகங்கள்: எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. தண்டும் கிளையும் ஒவ்வொன்றாக நகர்ந்து சேரும்போது 60 சோடிகள் வரும், பிறகு முதலிலிருந்து சுற்றும். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம் எண்ணிப் பழகிய நமக்கு இது புரியக் கஷ்டமில்லை. ஒரே வித்தியாசம், இங்கே வருஷத்தோடு மாதம், நாள், மணி எல்லாமே அதே 60இல் சுற்றுகின்றன.

தண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை. ஜியா, யி இரண்டும் மரம். பிங், திங் நெருப்பு. வூ, ஜி மண். கெங், ஷின் உலோகம். ரென், குய் நீர். ஒவ்வொரு சோடியிலும் முதலாவது யாங், அதாவது ஆண் தன்மை; இரண்டாவது யின், பெண் தன்மை. ஜியா நெடுமரம் என்றால் யி கொடி, புல். பிங் சூரியன், திங் விளக்குச் சுடர். வூ மலை, ஜி தோட்டத்து மண். கெங் கோடாரி இரும்பு, ஷின் நகை. ரென் கடல், குய் தூறல். இந்தப் படங்கள் மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது கட்டம் போடுவது. செயலிகள் நொடியில் போட்டுக் கொடுக்கும், சரிதான். ஆனால் போட்டது சரியா என்று பார்க்க உங்களுக்குத் தெரிய வேண்டும். தப்பு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்.

முதலாவது, வருஷம் எப்போது பிறக்கிறது என்பது. பாட்சுவில் வருஷம் சீனப் புத்தாண்டு அன்று மாறுவதாகப் பெரும்பாலான ஆசிரியர்கள் கொள்வதில்லை. லி சுன் என்னும் நாளில் மாறும், ஏறக்குறைய பிப்ரவரி 4. மாதங்களும் அமாவாசையைப் பார்ப்பதில்லை, சூரியனின் நகர்வைப் பார்க்கின்றன. நம் சித்திரையும் தையும் சூரியனை வைத்துப் பிறப்பது போலத்தான். என் மகள் பிறந்தது 2001 ஜனவரி 28. அந்த வருஷச் சீனப் புத்தாண்டு ஜனவரி 24. ஆகவே கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அவள் பாம்பு வருஷம் என்பார்கள். பாட்சு கணக்கில் லி சுன் இன்னும் வரவில்லை, அவள் டிராகன். வருஷத் தண்டைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு: வருஷத்தின் கடைசி இலக்கம் 4 என்றால் ஜியா, 5 என்றால் யி, அப்படியே போய் 0 என்றால் கெங், 3 என்றால் குய். அவளுக்கு 2000ஆம் வருஷக் கணக்கு என்பதால் கெங் டிராகன்.

இரண்டாவது, மணி. ஒரு நாளுக்கு 12 கிளை என்பதால் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இரவு 11 முதல் 1 வரை எலி, 1 முதல் 3 வரை மாடு, 5 முதல் 7 வரை முயல், 7 முதல் 9 வரை டிராகன். மகள் பிறந்தது காலை 8:10. கடிகாரத்தை அப்படியே எடுத்தால் டிராகன் மணி. ஆனால் மலேசியாவின் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. பினாங்கு இருப்பது 100 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால் பினாங்கின் சூரியன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 1 மணி 19 நிமிஷம் பின்னால் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் சூரியன் இன்னும் 13 நிமிஷம் பிந்தும். கழித்தால் காலை 6:38. முயல் மணி. அந்த மனிதர் கொடுத்த தாளில் டிராகன் மணி என்றுதான் இருந்தது.

1982 ஜனவரி 1க்கு முன் தீபகற்ப மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அன்றுதான் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளினார்கள். 1970களில் பினாங்கில் பிறந்தவருக்கு 49 நிமிஷம் கழித்தால் போதும். இன்றைய கணக்கில் சிங்கப்பூருக்கு 65 நிமிஷம் கழிக்க வேண்டும். சென்னைக்கு 9 நிமிஷம்தான், மணி எல்லையில் பிறந்திருந்தால் ஒழிய பாதிக்காது. இலங்கையில் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அன்றைய கடிகாரம் வேறு என்பதை மறக்காதீர்கள். நேரத்தைத் திருத்தாமலே பார்க்கிற ஆசிரியர்களும் உண்டு. இரவு 11 மணிக்கே அடுத்த நாள் பிறக்கிறதா, நள்ளிரவிலா என்பதிலும் இரண்டு கட்சி. ஒருவரிடம் சாதகம் காட்டும் முன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். நேரமே தெரியாதவர்களுக்கு மூன்று தூண்களை வைத்து ஆறு எழுத்தாகப் பார்க்கலாம். ஊகித்து ஒரு மணியைச் செருகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நாள் தூணை நீங்களே சரிபார்க்கலாம், எனக்குப் பிடித்த கணக்கு இது. 2000 ஜனவரி 7 ஒரு ஜியா எலி நாள், அதாவது 60இல் முதல் சோடி. அன்றிலிருந்து 2001 ஜனவரி 28 வரை 387 நாள். 60ஆல் வகுத்தால் மீதி 27. முதல் சோடியிலிருந்து 27 தள்ளினால் 28ஆவது சோடி. தண்டுகளில் 8ஆவது ஷின், கிளைகளில் 4ஆவது முயல். ஆக, ஷின் முயல் நாள்.

திருத்திய கட்டம் இதுதான்:

ஆண்டு: கெங் (உலோகம்), டிராகன்
மாதம்: ஜி (மண்), மாடு
நாள்: ஷின் (உலோகம்), முயல்
மணி: ஷின் (உலோகம்), முயல்

பழைய முறையில் எழுதினால் ஆண்டு வலது ஓரத்திலும் மணி இடது ஓரத்திலும் இருக்கும். பல செயலிகளும் அப்படித்தான் காட்டும், இடமிருந்து படித்துக் குழம்பாதீர்கள்.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நாள் தண்டு. அதுதான் சாதகர். சீனாவில் தாங் அரச மரபின் காலத்தில் லீ ஷூஜோங் என்ற சோதிடர் வழியில் பார்த்தவர்கள் ஆண்டுத் தூணைத்தான் மையமாக வைத்தார்கள். சோங் காலத்து ஷூ ட்ஸுபிங் பெயரால் வழங்கும் முறை அதை நாள் தண்டுக்கு மாற்றியது. இன்று பரவலாகப் பார்க்கப்படுவது அந்த முறைதான். ஆண்டு மிருகத்தை மட்டும் வைத்துப் பலன் சொல்வது, நம்மிடம் லக்னத்தைப் பார்க்காமல் ராசிபலன் படிப்பது மாதிரி. என் மகள் டிராகனும் இல்லை, பாம்பும் இல்லை. அவள் ஷின், நகை உலோகம்.

அடுத்தது மாதக் கிளை. எந்தப் பருவத்தில் பிறந்தார் என்று அது சொல்கிறது. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். கட்டத்தில் எத்தனை மரம், எத்தனை நெருப்பு என்று எண்ணத் தொடங்குவது எல்லா ஆரம்பக்காரர்களும் செய்வது, நானும் செய்தேன். தவுக்கே என் பென்சிலைப் பிடுங்கி, மாட்டு மாதத்தைச் சுற்றி வட்டம் போட்டார். “இது எந்தக் குளிர்? முதலில் அதைச் சொல்” என்றார். மாட்டு மாதம் சீனாவில் குளிர்காலத்தின் கடைசி. உறைந்த மண். வருஷம் முழுக்க வியர்க்கிற பினாங்கில் பிறந்தாலும் எழுத்து அந்தப் பருவத்தைத்தான் பேசும்.

கிளைக்குள் மறைந்த தண்டுகளும் உண்டு. மாட்டுக்குள் ஜி, குய், ஷின் மூன்றும் இருக்கின்றன. டிராகனுக்குள் வூ, யி, குய். முயலுக்குள் யி மட்டும். ஆகவே மேலே நீரே தெரியவில்லை என்றாலும் மாட்டிலும் டிராகனிலும் ஒளிந்திருக்கிறது. முயல்கள் இரண்டும் சுத்த மரம். நெருப்பு மட்டும் உண்மையிலேயே எங்கும் இல்லை. முதலில் பார்த்த அந்த மனிதர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது.

இனி உறவு. மரம் நெருப்பைப் பெறும், நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தைப் பெறும். அடக்குவது ஒன்றைத் தாண்டி: மரம் மண்ணை, மண் நீரை, நீர் நெருப்பை, நெருப்பு உலோகத்தை, உலோகம் மரத்தை. நாள் தண்டின் இடத்தில் நின்று பாருங்கள். என்னைப் பெற்றது தாய், படிப்பு, ஆதரவு. மரம், நெருப்பு என்ற இந்த ஐந்து பூதங்களில் என்னுடையதே இன்னொன்றாக வந்தால் கூடப்பிறந்தவர், போட்டியாளர். நான் பெற்றது என் பேச்சு, திறமை. நான் அடக்குவது பணம். என்னை அடக்குவது பதவி, ஒழுங்கு, பெண்ணின் சாதகத்தில் கணவன். யாங், யின் சேரும் விதத்தில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து பத்தாகும். தொடக்கத்தில் ஐந்து போதும்.

ஷின்னுக்கு மேலே ஜி மண் தாயாக நிற்கிறது, மாட்டுக்குள்ளும் மண், டிராகனுக்குள்ளும் மண். கெங்கும் இன்னொரு ஷின்னும் கூடப்பிறந்தவர்கள். மாட்டுக்குள்ளும் ஷின் மறைந்திருப்பதால் அதற்கு வேரும் இருக்கிறது. இது பலமான ஷின். பலமானதற்கு மேலும் தாயும் தம்பியும் தேவையில்லை. மண் மிகுந்தால் பொன் புதைந்துபோகும் என்று சீனத்தில் ஒரு சொல் உண்டு. மண்ணைப் பிடித்து நிறுத்த மரம் வேண்டும், நகையைக் கழுவ நீர் வேண்டும், உறைந்ததை இளக்கச் சூரியன் வேண்டும். அந்த மனிதரின் தவறான கட்டத்தில் மணித் தூண் ரென் டிராகன் என்று வந்திருந்தது. அதன்படி நீர் வெளிப்படையாக இருக்கிறது, மண் இன்னும் ஏறுகிறது, ஒரு முயல் காணாமல் போகிறது. ஒரு மணி மாறியதில் குறையும் தேவையும் இடம் மாறிவிட்டன.

கிளைகள் ஒன்றோடொன்று மோதுவதும் சேர்வதும் உண்டு. எலி குதிரையோடு, மாடு ஆட்டோடு, புலி குரங்கோடு, முயல் சேவலோடு, டிராகன் நாயோடு, பாம்பு பன்றியோடு மோதும். மோதல் என்றதும் பயப்பட வேண்டாம், நகர்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறுவது, வேலை மாறுவதுகூட அதில் அடங்கும்.

கடைசியாகப் பத்தாண்டுத் தூண்கள், நம் சோதிடத்தில் வரும் தசா காலம் போல. யாங் வருஷத்தில் பிறந்த ஆணுக்கும் யின் வருஷத்தில் பிறந்த பெண்ணுக்கும் மாதத் தூணிலிருந்து முன்னோக்கிப் போகும், மற்றவர்களுக்குப் பின்னோக்கி. கெங் யாங், மகள் பெண், ஆகவே பின்னோக்கி. மாதம் தொடங்கிய ஜனவரி 5இலிருந்து பிறந்த நாள் வரை 22 நாளுக்குச் சற்று மேல். 3 நாள் ஒரு வருஷம் என்று எடுத்தால் ஏழரை வயதில் முதல் தூண். ஜி மாட்டுக்கு முந்தியது வூ எலி, அதற்கு முந்தியது திங் பன்றி, அதற்கும் முந்தியது பிங் நாய்.

தவுக்கே இதை எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறந்த கட்டத்தில் இல்லாத நெருப்பு, பதினேழரை வயதில் திங் ஆக வருகிறது. விளக்குச் சுடர் நகையைக் கொஞ்சம் வாட்டும், ஆனால் கூடவே வரும் பன்றிக்குள் ரென் நீர் இருக்கிறது, அது கழுவும். 2028இல் பிங், அவள் கட்டம் கேட்டுக்கொண்டிருந்த அதே சூரியன். அப்போது நாய் வந்து டிராகனோடு மோதும், முயலோடு சேரும். அவர் பென்சிலால் பிங்கின் அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். அவளே தன் தோழி ஒருத்திக்குக் கட்டம் போட உட்கார்ந்தாள், முதலில் பிறந்த ஊரையும் நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு.