அசை பிரிக்கும்போது கண்ணை நம்பாதீர்கள்

ஆங்கிலச் சொல்லை அசை (சிலபிள்) பிரிக்கச் சொன்னால் பலரும் உடனே ஏ, ஈ, ஐ, ஓ, யூ எத்தனை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள், கணக்கு அங்கேயே தப்பிவிடுகிறது. எண்ண வேண்டியது காதில் விழும் உயிரொலியை. ‘ஏரியா’வில் மொத்தமே நான்கு எழுத்து, அசையோ மூன்று, ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ ஒன்பது எழுத்து, ஒரே அசை.

அப்புறம் நம் நாக்குப் பழக்கம். புக் நம் வாயில் புக்கு ஆகும், ஸ்கூல் இஸ்கூல் ஆகும். அப்படிச் சொல்லிக்கொண்டே எண்ணினால் ஓரசைச் சொல்லெல்லாம் ஈரசை ஆகிவிடும். இறந்தகால வினையிலும் இதே சிக்கல்தான்: ‘வாக்’குடன் ஈ, டி (ed) சேர்ந்தால் ‘வாக்கெட்’ இல்லை, ‘வாக்ட்’, ஓரசை. வான்ட், நீட் போல மூலச்சொல்லே ட் ஒலியில் முடிந்தால்தான் வான்டெட், நீடெட் என்று ஓர் அசை கூடும்.

எழுத்துக்கூட்டலில் அசை பிரிப்பது நிஜமாகவே கைகொடுக்கும் இடம், மெய்யெழுத்து ஒன்றா இரண்டா என்று தடுமாறும் இடம். சாப்பிடுபவரைச் சொல்லும் டை-னர் என்று முதல் அசை உயிரொலியில் முடிந்தால் ஒரு என். டின்-னர் என்று மெய்யில் அடைபட்டு உயிர் குறுகினால் இரண்டு என். நம்புவதைச் சொல்லும் ஹோ-பிங்குக்கு ஒரு பி, தாவுவதைச் சொல்லும் ஹாப்-பிங்குக்கு இரண்டு. ஆனால் இதை இரும்பு விதியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள், ‘லெமன்’, ‘கேபின்’ எல்லாம் ஒற்றை மெய்யோடே குறுகி ஒலிக்கும். இன்னொன்று, எழுத்தில் இரண்டு என் இருந்தாலும் வாயில் வருவது ஒரே ‘ன’ ஒலிதான். தமிழில் ‘அன்னம்’ சொல்வதுபோல அழுத்திச் சொல்லக் கூடாது.

‘ஃபாதர்’ சொல்லை டி-க்கும் (t) எச்-சுக்கும் (h) நடுவில் வெட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்துதான் ஓர் ஒலி. ‘பாட்ஹோல்’ போன்ற கூட்டுச்சொல்லில் மட்டும் அங்கேயே வெட்டலாம்.

அகராதியில் சொல்லின் நடுவே வரும் புள்ளியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல அகராதிகளில் அது வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் குறிதான். ‘அபவுட்’ ஈரசைச் சொல், ஆனாலும் வரி முடிவில் ஓர் எழுத்தைத் தனியாக விடக் கூடாது என்பதால் சில அகராதிகள் புள்ளியே வைப்பதில்லை. ‘நாலெட்ஜ்’ சொல்லை அமெரிக்க முறையில் எல்-லுக்குப் பின்னால் உடைப்பார்கள், பழைய பிரிட்டிஷ் முறையில் எல்-லுக்கு முன்னால். உச்சரிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் ஒலிக்குறியைப் பாருங்கள், அழுத்தக் குறியையும் சேர்த்து. ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் ‘ஃபட்டாக்ரஃபி’யில் இரண்டாவதற்குப் போய்விடுகிறது, அதனால்தான் முதல் ‘ஃபோ’வும் ‘ஃப’ என்று சுருங்குகிறது.