கட்டடங்களில் எரிவாயுக் குழாய்: புதுச்சேரியிலும் கடலூரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிவாயுவால் தீ விபத்து நேர்ந்தால் சிலிண்டர் வெடித்தது, குழாய் வெடித்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். ஆனால் பல விபத்துகளில் குழாயோ சிலிண்டரோ முதலில் வெடிப்பதில்லை. ஒரு மரையிலோ வால்வின் கழுத்திலோ கசிந்த வாயு, வெளியேற வழியில்லாத ஓர் இடத்தில் சேர்ந்து காற்றோடு கலந்த பிறகு, யாரோ ஒருவர் மின்விளக்கைப் போடுகிறார் அல்லது குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் தானாக ஓடத் தொடங்குகிறது; அந்தப் பொறியில் வாயு பற்றி வெடிக்கிறது. ஆகவே குழாய் எவ்வளவு உறுதியானது என்று பார்ப்பதோடு, அது கசிந்தால் வாயு எங்கே போய்ச் சேரும் என்பதையும் ஒவ்வோர் அடியிலும் பார்க்க வேண்டும். நம் கட்டடங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் வருபவை.

சமையல் எரிவாயு, அதாவது எல்.பி.ஜி., புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால் அது தரையோடு படர்ந்து பள்ளம் தேடிப் போகும். காற்றில் 2 சதவீத அளவுக்குக் கலந்தாலே அது தீப்பற்றக்கூடியதாகிவிடும். நீள, அகல, உயரங்கள் மூன்றும் 3 மீட்டராக உள்ள ஒரு சமையலறை முழுவதும் சீராகக் கலந்து அந்த அளவை எட்ட, 1 கிலோவுக்குச் சற்று அதிகமான வாயு தேவைப்படும். ஆனால் அது சீராகக் கலப்பதில்லை. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் வரை மட்டும் தேங்கி நின்றால், 100 கிராமுக்குச் சற்று கூடுதலான வாயுவே போதும். 19 கிலோ வணிக சிலிண்டரில் இது எவ்வளவு சிறிய பங்கு என்பதை உணவகம் நடத்துபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவின் குணம் இதற்கு நேர்மாறானது. அதில் பெரும்பகுதி மீத்தேன். காற்றைவிட இலேசானது என்பதால் மேலே எழுந்து கூரையடியில் தங்கும். 5 முதல் 15 சதவீதம் வரை காற்றில் கலந்திருக்கும்போது தீப்பிடிக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மறந்து, ஒன்றுக்குச் செய்த ஏற்பாட்டை மற்றொன்றுக்கும் அப்படியே வைத்துக்கொள்வது அடிப்படையான தவறு. கசிவை உணர்த்தும் கருவியை எல்.பி.ஜி. பயன்படுத்தும் சமையலறையில் கூரையருகே மாட்டினால், தரையில் வாயு நிறைந்த பிறகும் அது மௌனமாகவே இருக்கும். அங்கே அது தரையை ஒட்டியும், இயற்கை எரிவாயு உள்ள இடத்தில் கூரையை ஒட்டியும் இருக்க வேண்டும். அடுப்பும் அப்படித்தான். எல்.பி.ஜி.க்கான பர்னரின் ஜெட்டை, அதாவது வாயு பீறிட்டு வரும் சிறு துளையுள்ள முனையை, மாற்றாமல் இயற்கை எரிவாயுவில் எரிக்க முயல்வதோ, மாற்றிய அடுப்பை மீண்டும் சிலிண்டரில் இணைப்பதோ கூடாது.

குழாய் செல்லும் பாதை

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீப் பாதுகாப்பைப் பற்றிய நான்காம் பகுதியில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. எரிவாயுக் குழாய்கள் அவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனி ஷாஃப்டில் (தளம் தளமாக மேலேறும் கூண்டு போன்ற வழியில்), வெளிச்சுவரை ஒட்டி, மாடிப்படிக்கு அப்பால் செல்ல வேண்டும், அந்த ஷாஃப்டுக்கும் தளங்களுக்கும் இடையே திறப்பு இருக்கக் கூடாது, எல்.பி.ஜி. குழாய்கள் எப்போதும் ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழேதான் இருக்க வேண்டும். குழாயின் நீளம் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். நடைமுறையில் நாம் காண்பதோ வேறு. மின்கம்பிகள் செல்லும் ஷாஃப்டில் இடம் இருக்கிறதே என்று எரிவாயுக் குழாயையும் அதிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அப்போது கசிவும் பொறியும் ஒரே கூண்டில் அடைபடுகின்றன. லிஃப்ட் இயங்கும் குழிக்குள்ளும், மாடிப்படியின் சுவரிலும் கொண்டுபோவது இன்னும் மோசம். தீப்பிடித்தால் மக்கள் இறங்கி ஓட வேண்டிய வழியிலேயே தீயையும் இறக்கிவிடுகிற ஏற்பாடு அது.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனிலும், கால்வாய்க்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பழைய தெருக்களிலும், பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியிருக்கின்றன. இவற்றுக்கென்று தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பாணி வீட்டின் நடுவே ஒரு படி தாழ்ந்து, வானம் பார்த்து இருக்கும் முற்றம், காற்றோட்டத்துக்கான மிகச் சிறந்த ஏற்பாடு. பின்கட்டில் கசிந்த வாயு தாழ்வாரம் வழியாக அங்கே இறங்கினாலும், மேலிருந்து வரும் காற்று அதைக் கலைத்துவிட வாய்ப்புண்டு. குளிர்சாதன வசதிக்காக அந்த முற்றத்தின் மேல் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடிய நாளிலிருந்து, அதே முற்றம் கனமான வாயு தேங்கும் தொட்டியாகிவிடுகிறது. வாடிக்கையாளர்களுக்கு மேசை போடப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். முற்றத்தை மூடுவதென்று முடிவெடுக்கும் உரிமையாளர், அதே நாளில் எரிவாயுக் குழாயின் பாதையையும் மறுபடி ஆராய வேண்டும். இந்த இரண்டையும் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் செய்வதால், ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. இவ்வகைக் கட்டடங்களில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். மரத் தூலங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய வகைக் கூரையும், அதை மறைக்கும் ஃபால்ஸ் சீலிங்கும் உள்ள அறைகளில், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் எரிவாயுக் குழாயை ஓட விடுவது எக்காரணம் கொண்டும் ஏற்கத் தக்கதல்ல.

அழகுக்காகக் குழாயைச் சுவருக்குள் புதைப்பதும் பரவலாக இருக்கிறது. புதைத்த குழாயில் துரு ஏறுவது தெரியாது. பின்னாளில் அலமாரி மாட்ட வரும் தச்சர் சுவரில் துளையிடும்போது அவருக்கும் குழாய் இருக்கும் இடம் தெரியாது. சுவரையோ தளத்தையோ கடந்தே ஆக வேண்டிய இடத்தில், குழாயைவிடச் சற்றுப் பெரிய உறையின் ஊடாக அதைக் கொண்டுபோக வேண்டும். யூனியன் (இரு குழாய்களைக் கழற்றி மாட்டும் வகையில் சேர்க்கும் திருகு) போன்ற இணைப்புகள் எவையும் அந்த உறைக்குள் வரக் கூடாது. ரப்பர் டியூபைச் சுவர்த் துளை வழியாக அடுத்த அறைக்குக் கொண்டுபோவது இதைவிட ஆபத்தானது. துளையின் விளிம்பு அறுப்பதும், உள்ளே எலி கடிப்பதும் வெளியே தெரிவதில்லை. வீட்டு அடுப்புக்கான டியூப் 1.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஐ.எஸ். 9573 தர முத்திரை உள்ள டியூபாக இருந்தாலும் 5 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும்.

சிலிண்டர் வைக்கும் இடம்

குழாய் தொடங்கும் இடத்தில், அதாவது பல சிலிண்டர்களை மேனிஃபோல்ட் எனப்படும் ஒரே பொதுக் குழாயில் இணைத்து வைக்கும் இடத்தில், அளவைப் பற்றிய தவறும் இடத்தைப் பற்றிய தவறும் சேர்ந்தே நடக்கின்றன. 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, 100 கிலோ வரையிலான எல்.பி.ஜி.யை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவதை இறக்கியவுடன் 114 கிலோ. வார இறுதியில் கூட்டம் வரும் என்று நிரம்பிய சிலிண்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைக்கும் உணவகம், தன்னை அறியாமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இடத்தைப் பொறுத்தவரை, நிலத்துக்குக் கீழுள்ள தளத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் வைக்கவே கூடாது. நம் ஊர்களில் வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே உள்ள சந்தில் சிலிண்டர்களை நிறுத்துகிறார்கள். வெளியிடம்தானே என்று தோன்றும். ஆனால் அதே சந்தில்தான் கழிவுநீர் வாய்க்காலின் திறப்பும், தரைமட்டத் தண்ணீர்த் தொட்டியின் மூடியும், அதன் மோட்டாரும் இருக்கின்றன. வாயு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டின் குளியலறை வரைக்கும்கூட அதற்குப் பாதை உண்டு.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி கடற்கரைச் சாலை வரை, இரும்புக்குக் கடற்காற்று செய்யும் கேட்டை எல்லோரும் ஜன்னல் கம்பியில் பார்த்திருக்கிறோம். எரிவாயுக் குழாயில் அது தொடங்குவது கிளாம்பின் அடியில். வெளிப்பரப்பில் மஞ்சள் பெயின்ட் பளபளவென்று இருக்கும். கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால், அது பிடித்திருந்த விரற்கடை அகலத்தில் உப்பு ஈரம் தங்கி, துரு பொருக்குப் பொருக்காக உதிரும். நகத்தால் சுரண்டினால் குழி விழுந்திருப்பது தெரியும். எனவே பெயின்ட் அடிக்க வருபவர் கிளாம்பின் மேலேயே அடித்துவிட்டுப் போவது பராமரிப்பு ஆகாது. கிளாம்புகளைக் கழற்றி, துருவை நீக்கி, அடிப்பூச்சு பூசி, பிறகே வண்ணம் பூச வேண்டும். செம்புக் குழாயும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் இரும்பு விரைவாக அரிக்கும் என்பதால், இடையில் தடுப்புப் பொருள் இருக்க வேண்டும். ரெகுலேட்டரின் மூச்சுத்துளையையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. திறந்த வெளியில் இருக்கும் ரெகுலேட்டர்களின் அந்தச் சிறு துளையில் குளவி மண் வைத்து அடைத்துவிட்டால், அது அழுத்தத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. வெள்ளம் வரும்போது நாற்காலியையும் அரிசி மூட்டையையும் மேலே ஏற்றும் நாம், சிலிண்டர் கனமானது, அசையாது என்று விட்டுவிடுகிறோம். அது தவறான கணக்கு. 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோதான். அதன் உட்கொள்ளளவோ 33 லிட்டருக்கும் சற்று அதிகம். ஆகவே நிரம்பிய சிலிண்டரும் நீரில் மிதக்கும். மிதந்து சாயும்போது டியூபையும் இணைப்பையும் பிடித்து இழுக்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியை மாட்டி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் உயரமான, காற்றோட்டமான இடத்தில் கட்டி வைக்க வேண்டும். நீரில் மூழ்கிய ரெகுலேட்டரைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டக் கூடாது.

சோதனையில் நடக்கும் தவறுகள்

தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. சோப்புக் கரைசலை இணைப்பின் மேல் தடவிவிட்டு உடனே நகர்ந்துவிடாமல் சிறிது நேரம் கவனித்தால், மிகச் சிறிய கசிவும் கடுகளவு நுரையாகத் தொடங்கி மெல்லப் பருத்துக் காட்டும். புதிய குழாயில் வாயுவை விடுவதற்கு முன்னால், காற்றையோ நைட்ரஜனையோ ஏற்றி அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெல்டரிடம் கையோடு இருக்கிறது என்பதற்காக ஆக்சிஜனை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதுவே தீப்பற்றும். மொட்டைமாடியில் ஓடும் குழாயைக் காலையில் ஏற்றி நண்பகலில் பார்த்தால், வெயிலின் சூட்டில் அழுத்தம் கூடிச் சிறு கசிவை மறைத்துவிடும். ஏற்றும்போதும் பார்க்கும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

ஓர் அடுப்பை எடுத்துவிட்ட பிறகு, அதற்கு வந்த குழாயின் முனையை வால்வை மட்டும் மூடி விட்டுவிடுகிறார்கள். துடைப்பம் பட்டாலோ, பழக்கமில்லாத பணியாளர் திருப்பினாலோ அது திறந்துகொள்ளும். பயன்படாத முனையை மரையிட்ட மூடியால் அடைத்துவிட வேண்டும். எரிவாயுக் குழாயை மின்சாரத்தின் எர்த் இணைப்பாகப் பயன்படுத்துவது அறவே கூடாது.

மூக்கை மட்டுமே நம்புவதும் தவறு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு தரைத்தளத்துக்கு அடியில் தேங்கி, 1937 மார்ச் 18 அன்று வெடித்து, ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். அதன் பிறகே வாயுவில் வாடையுள்ள பொருளைக் கலக்கும் கட்டாயம் பரவியது. நாம் நுகரும் அந்த வாடை மெர்காப்டனுடையது. ஆனால் தொடர்ந்து அதிலேயே இருப்பவரின் மூக்கு விரைவில் பழகிப்போகும். நாள் முழுவதும் சமையலறையில் நிற்பவர் வாடை இல்லை என்று சொல்லி, வெளியிலிருந்து வந்தவர் இருக்கிறது என்று சொன்னால், வந்தவரின் சொல்லையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கசிவு தெரிந்த பிறகு

முதன்மை வால்வு அடுப்புக்குப் பின்னால் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் அதை எட்ட முடியாது. சமையலறைக்கு வெளியே, ஓடும் வழியிலேயே, எல்லோரும் அறிந்த இடத்தில் ஒரு வால்வு இருக்க வேண்டும். அதற்குப் பூட்டிட்ட கதவு போடக் கூடாது. வாடை வந்தவுடன் காற்றை வெளியேற்றுகிறோம் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகக் கொடிய தவறு. எந்த மின்பொத்தானையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாயுவை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, வெளியே வந்த பிறகே 1906 என்ற எல்.பி.ஜி. கசிவு உதவி எண்ணையும், தீயணைப்புத் துறையின் 101ஐயும் அழைக்க வேண்டும்.

கசியும் இடத்தில் ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைக்க முயலக் கூடாது. எரியும் வாயு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அணைந்த பின் தொடர்ந்து கசியும் வாயு அறை முழுவதும் பரவி, மறுபடி பற்றும்போது வெடிக்கும். முதலில் வால்வை மூட வேண்டும். தீ தானே அணையும். சரிபார்த்து முடித்த பிறகு மீண்டும் வாயுவைத் திறப்பவர், அந்தக் குழாயில் உள்ள ஒவ்வோர் அடுப்பின் திருகும் மூடியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்த பின்னரே திறக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்தபோது வாயு நின்றதால் அணைந்துபோன பர்னரின் திருகு பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.