பழைய உணவு வண்டியைப் புதுப்பிக்கும் முன் எடை போடுங்கள்

பழைய உணவு வண்டியை வாங்குபவர்கள் பெரும்பாலும் வண்ணத்தையும் பெயர்ப்பலகையையும் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். பட்டறைக்காரரும் அதையே விரும்புவார், ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான் கேட்ட கூலி கிடைக்கும். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன், உள்ளிருக்கும் சாமான்களோடு எடை மேடையில் ஏற்றி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையில் மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரிகள் புழங்கும் சாலைகளில் எடை மேடைகள் உண்டு. ரசீதில் உள்ள எடையை ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) குறிப்பிட்டுள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால், இன்னும் எவ்வளவு ஏற்றலாம், எதைக் கழற்ற வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகள் சுமக்கக்கூடியது ஏறத்தாழ முக்கால் டன். மூன்றடிக்கு இரண்டடி அளவில் 12 மி.மீ. தடிமனுள்ள தோசைக்கல் மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு வைத்தால், அவற்றின் இரும்பு எடையையும் சேர்த்து 70 கிலோ வரை போகும். குளிர்பதனப் பெட்டியையும் ஜெனரேட்டரையும் உள்ளே நிற்கும் மூன்று பேரையும் கூட்டினால் அரை டன்னை நெருங்கிவிடுகிறது; வண்டியின் மேல் சமையலறையாகக் கட்டும் கூண்டின் எடை அதற்கு மேல். பின்பக்கப் பட்டைகள் (சுமையைத் தாங்கும் வில் தகடுகள்) தட்டையாகிக் கிடக்கும் பழைய வண்டியைப் பார்த்தால், முந்தைய உரிமையாளர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று புரிந்துகொள்ளலாம். கூடுதல் பட்டை போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பட்டை கூடினாலும் பிரேக்கும் அச்சும் பழையவையே என்பதால், எடையைக் குறைப்பதே சரியான வழி.

அடுத்தது துரு. பெசன்ட் நகர், மெரினா, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நின்று வியாபாரம் செய்த வண்டியாக இருந்தால், தரைத்தகட்டைக் கழற்றாமல் விலை பேசக் கூடாது. உப்புக்காற்று வெளியிலிருந்தும், தரை கழுவிய தண்ணீர் உள்ளிருந்தும் இரும்பை அரிக்கின்றன. சேஸியின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், நெடுக்குச் சட்டத்தைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியையும் பட்டை பொருந்தும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். மேலோட்டமான துரு என்றால் சுரண்டி எடுத்து, துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமரை அடிப்பூச்சாக அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே மேல் பூச்சுக்குப் போக வேண்டும். இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

கூண்டின் அளவையோ அமைப்பையோ மாற்றுவதானால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு பொருந்தும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கூண்டுக்கு எவர்சில்வர் தகடு தேவைதான், ஆனால் எல்லா இடத்திலும் தேவையில்லை. எட்டடிக்கு நான்கடி அளவுள்ள 1 மி.மீ. தகடு ஒன்று ஏறத்தாழ 23 கிலோ. உணவும் நெருப்பும் தொடும் இடங்களில் துருவை நன்றாகத் தாங்கும் 304 ரகத்தைப் போட்டு, மற்ற சுவர்களுக்கு அலுமினியம் போட்டால் எடை நன்றாகக் குறையும். மலிவான 202 ரகத்தையே 304 என்று விற்பவர்கள் உண்டு. இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது என்பதால் காந்தச் சோதனையை நம்பாமல், ரகம் குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் கடற்காற்றில் அலுமினியம் விரைவில் அரிக்கும். நடுவே ரப்பர் பட்டையோ சீலண்டோ இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் கூரை தரும் சூட்டைத் தடுக்க, வெளியே வெள்ளைப் பூச்சும் உள்ளே வெப்பத்தடுப்பும் வேண்டும். அடுப்பைச் சுற்றி தீப்பற்றாத கல்நூல் பஞ்சான ராக்வூல் மட்டுமே போட வேண்டும். எடை குறைவு என்பதற்காக அங்கே பஃப் (பாலியூரித்தேன் நுரை) பலகை வைத்தால் அது தீப்பற்றும்.

அதிகக் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் எரிவாயு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே கூரையில் எத்தனை எக்ஸாஸ்ட் விசிறி இருந்தாலும், தரைமட்டத்தில் காற்றுத்துளைகள் இல்லையென்றால் பயனில்லை. சிலிண்டர் அறை சமையல் பகுதியோடு சேராமல், வெளிப்பக்கக் கதவோடும் அடியில் துளைகளோடும் தனியாக இருக்க வேண்டும். பழைய வண்டியில் வந்த ரப்பர் குழாய், ரெகுலேட்டர் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள், ஏனெனில் நின்ற இடத்தில் இறுகியிருந்த நட்டு குலுக்கலில் தளரும். உலர் தூள் தீயணைப்பானைக் கதவோரம் மாட்டுங்கள். அடுப்பைத் தாண்டிப் போய் எடுக்கும்படி அது இருக்கக் கூடாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பழைய ஒயரை முழுவதும் உருவிவிட்டு, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யோடு, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது. தண்ணீர் தேங்கும் சாலைகளை நினைத்து, பேட்டரியையும் பிளக்குகளையும் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

பரிமாறும் திறப்பு இடப்பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இருக்க வேண்டும். வண்டித் தளம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயரம். அதன்மேல் சமைப்பவரின் இடுப்பளவுக்கு மேடை கட்டினால், வாங்குபவருக்கு அது முகவாய் உயரத்தில் வரும். குழந்தையோடு வருபவர் சூடான சாம்பார்க் கிண்ணத்தை அங்கிருந்து எடுப்பது ஆபத்து. வெளிப்புறத்தில் மூன்றரை அடி உயரத்தில் மடக்குப் பலகை ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் தண்ணீர், சிலிண்டர், மாவு, ஆட்கள் சகிதம் மீண்டும் அதே எடை மேடைக்குப் போங்கள். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு ரசீது, முழு வண்டிக்கு ஒரு ரசீது என இரண்டு வாங்கினால், பின்பக்கம் அளவுக்கு மீறிச் சுமக்கிறதா என்பதும் தெரியும். மீறியிருந்தால் தண்ணீர்த் தொட்டியை ஓட்டுநர் இருக்கையின் பின்புறத்துக்கு நகர்த்துங்கள். அதன் பிறகு எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகலாம், பெயர்ப்பலகையையும் அப்போது எழுதச் சொல்லலாம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணுக்கு, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்கு, மட்டும் இடம் விட்டு.