பழைய கேசட் டெக்: பழுது பார்ப்பதா, வேறு வாங்குவதா?

பிளே அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கேசட் மட்டும் சுற்றவில்லை. இதற்காக டெக்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அநேகமாக பெல்ட்தான் போயிருக்கும். பழைய ரப்பர் தளர்ந்துவிடும், இல்லையென்றால் தார் போல உருகி புல்லியில் அப்பிக்கொள்ளும். மலிவான பாகம், அரை நாள் வேலை.

முடிவைச் சொல்வது ஹெட், அதாவது டேப்பைத் தொட்டு அதில் பதிந்த ஒலியைப் படிக்கும் பாகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் 3.81 மி.மீ. அகலம், அதே அகலத்துக்கு ஹெட்டின் முகத்தில் ஒரு பளபளப்பான தடம் இருக்கும். அதன் ஓரத்தில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ஹெட் நன்றாக இருக்கிறது. படி போலத் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஹெட்டில் முதலில் மங்குவது ஜால்ராவும் கஞ்சிராவின் சலங்கையும்தான். சாதாரண டூ-இன்-ஒன்னுக்கு மாற்று ஹெட் தேடினால் கிடைக்கும். உயர்ரக டெக்குக்கு அதே மாடலில் இன்னொன்றை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் வேறு டெக் பாருங்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கும் இதே கதைதான்.

பல வருடம் ஓடாத டெக்கை நேராக 230 வோல்ட்டில் செருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதாவது கரண்ட் பல்பு வழியாகவே டெக்குக்குப் போகும்படி, கொடுங்கள். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பயமில்லை. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பெல்ட் மாற்றும்போது தாரை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தெடுங்கள், மிச்சம் இருந்தால் புது பெல்ட் வழுக்கும். பெல்ட் போகும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். அதைவிட இறுக்கமானால் மோட்டார் பேரிங் தேயும். பிறகு வேகம். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் டேப்பை ஓட்டி, போனில் அதிர்வெண் காட்டும் ஆப்பில் பார்த்துக்கொண்டே, அது 3000 காட்டும் வரை மோட்டாரின் பின்துளையில் உள்ள திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள்.

டேப் சிக்கினால் கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம். கேப்ஸ்டன் என்ற சுழலும் உலோகத் தண்டு டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, சுருட்ட வேண்டிய ரீல் வழுக்கி நிற்கிறது. தேங்கும் டேப், அதைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரில் சுற்றிக்கொள்கிறது. ரீலை ஓட்டும் பெல்ட், ரப்பர் சக்கரம் இரண்டையும் பாருங்கள். கண்ணாடி போல இறுகிய பிஞ்ச் ரோலரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

‘புதுசே வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். இன்று விற்கும் கேசட் பிளேயர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரே ரக மலிவு மெக்கானிசம்தான் இருக்கிறது, டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி கிடையாது. ஹெட் தேயாத பழைய டெக் ஒன்றைத் தேடி வாங்குவதே மேல். உங்களுடையதைத் தூக்கிப் போடுமுன் மோட்டார், ரோலர், பல்சக்கரம் மூன்றையும் கழற்றி, மாடல் எண் எழுதிய டப்பாவில் போட்டு வையுங்கள்.