பதினொரு பொடியும் ஒரு மூட்டையும்

வைகாசி விசாகம் நெருங்கினால் எங்கள் முற்றத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைக் கண்டுவிட்டுக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள். அப்பா பரியாரி, நாட்டு வைத்தியர். அவர் காலமான பிறகு, நடக்கிறவர்களுக்கு மருந்து மூட்டை கட்டிக் கொடுப்பது என் பொறுப்பாகிவிட்டது.

இந்த முறை புதிதாக நடக்க வந்த பிள்ளைகள் தாங்களே கட்டிய மூட்டையைப் பிரித்துக் காட்டினார்கள். 11 பொலித்தீன் பைகள், அத்தனையிலும் பொடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முதன்முதல் நடந்தபோது கொண்டுபோன மூட்டையும் இதே அச்சுத்தான்.

எண்ணெய்ப் போத்தலை இறுக்கி மூடாதது, தைலத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்தது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ஒருதரம் பட்டால் தானாகத் திருந்தும். கீழே எழுதுவது ஆளுக்கே ஆபத்தான பிழைகளை.

எல்லாவற்றையும் இடித்துக் கொண்டு போவது

"இடிச்சுக் கொண்டு போனா லேசு தானே அக்கா?" என்று கேட்காத ஆளில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு நாயாறு ஞாபகம் வந்து எரிச்சல் வரும்.

அந்த முதல் நடையில் ஒருநாள் அளம்பில், செம்மலை ஊர்களைத் தாண்டி நாயாற்றில் தங்கினோம். கூட வந்த அண்ணை ஒருவருக்கு வயிறு பொருமிக்கொண்டிருந்தது. ரோர்ச் வெளிச்சத்தில் பைகளைத் துழாவி, மணந்தும் பார்த்து, ஓமப்பொடி என்று ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரில் கலந்து கொடுத்தேன். அது நிலாவாரை. மலச்சிக்கல்காரருக்கென்று இடித்து வைத்தது. மணந்து பார்த்தும் எப்படித் தவறியது என்றால், ஒரே மூட்டைக்குள் நெருங்கிக் கிடந்ததில் எல்லாப் பையிலும் ஓம வாசம் ஏறிவிட்டது. நிறமோ பகலிலேயே சரியாகப் பிடிபடாது.

நிலாவாரை கையோடு வேலை காட்டாது. 6 முதல் 12 மணித்தியாலம் எடுக்கும். அதனால் இரவு ஒன்றும் தெரியவில்லை. விடியப்புறம் அண்ணை பாய்க்கும் பற்றைக்குமாக நடக்கத் தொடங்கினார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்து, அதே பையிலிருந்து இன்னொரு கரண்டி கொடுத்தேன்! மத்தியான வெயிலில் அவருக்கு நாக்கு ஒட்டி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். சேலைன் ஏறியதும் தேறிவிட்டார். ஆனால் மகளுக்காக வைத்த நேர்த்தியை அந்த வருடம் அவரால் நடந்து தீர்க்க முடியவில்லை. இன்றைக்கும் கோயிலில் கண்டால், "பிள்ளை, இப்ப என்ன பொடி வச்சிருக்கிறாய்?" என்று கேட்பார்.

பெயர் எழுதி ஒட்டலாமே என்பீர்கள். வியர்வையில் ஊறிய பையில் பேனை மை எத்தனை நாள் நிற்கும்? முழுச் சரக்குக்குப் பெயரே தேவையில்லை. வேர்க்கொம்பின் (சுக்கு) கணுவையும் கடுக்காயின் வரியையும் இருட்டில் விரலே சொல்லிவிடும். இலையாகக் கிடக்கிற நிலாவாரையை ஓமமென்று யாரும் அள்ளமாட்டார்கள். இடித்த சரக்கில் மணமும் நிற்காது. அந்த மணத்தில்தான் மருந்தின் பாதி இருக்கிறது. ஈரமும் சட்டென்று ஏறும். சரியாகக் காயாமல் கட்டிய வேர்க்கொம்புப் பொடி கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்து, அதையும் கொட்டியிருக்கிறேன். திரும்ப வெயிலில் போட்டால் பூஞ்சணம் காயுமே தவிர அதன் நஞ்சு போகாது.

இப்போது 2 நாள் நல்ல வெயிலில் காயவைத்த முழுச் சரக்கைப் பழைய வேட்டித் துண்டில் தனித்தனி முடிச்சாகக் கட்டுகிறேன். தட்டுவதற்குக் கல் இல்லாத ஊர் வழியில் எங்கே இருக்கிறது? தடிமனுக்கு (சளிக்கு) ஒரு விரல் நீள வேர்க்கொம்பைத் தட்டி, ஒரு கைப்பிடி மல்லியோடு 4 கோப்பை தண்ணீரில் போட்டு, 1 கோப்பையாக வற்றக் காய்ச்சினால் போதும். என் மூட்டையில் பொடியாகப் போவது திருநீறு மட்டும்தான்.

ஜீவனியை விட்டுவிட்டுப் போவது

ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, சீனிப் பக்கற். "அது இங்கிலீஷ் மருந்து" என்று ஒதுக்குகிறார்கள். உப்பும் சீனியும் எப்போது இங்கிலீஷ் ஆனது? மாதுளந்தோடு வயிற்றோட்டத்தைக் கட்டினாலும், போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தராது. பக்கற் கிடைக்காவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். கரண்டியை மட்டமாக அள்ள வேண்டும், உப்புக் கூடினால் கெடுதல். 24 மணித்தியாலத்துக்கு மேல் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். நாயாற்றில் என்னிடம் ஒரு பக்கற் இருந்திருந்தால் அண்ணைக்கு அந்த ஓட்டோ தேவைப்பட்டிருக்காதோ என்னவோ.

பாம்புக்கடிக்கு வேர் வைத்திருப்பது

வேண்டாம். 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தேன்

ஒரு சொட்டும் கூடாது.

மாத்திரை போடுகிறவரிடம் கேட்காமல் கொடுப்பது

வெந்தயம் வயிற்றுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் இரத்தத்தில் சீனியையும் குறைக்கும். சீனி வருத்தக்காரர் காலையில் மாத்திரையும் போட்டு, வயிறு நிறையச் சாப்பிடாமல், வெயிலில் நடந்து, அதற்கு மேல் வெந்தயமும் குடித்தால் மயங்கி விழலாம். முதலில் என்ன மாத்திரை என்று கேளுங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் நிறையப் பேர், அவர்களிடம் இன்னும் கவனம். ஆடுதீண்டாப்பாளை விஷத்துக்கென்று பழைய ஆட்கள் வைத்திருந்த கொடி. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அப்பாவின் பெட்டியில் இருந்ததை நான் எடுத்தெறிந்துவிட்டேன்.

காய்ச்சல் விட்டதும் நடக்கத் தொடங்குவது

மல்லித் தண்ணீர் குடியுங்கள், நானும் குடிப்பேன். ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. உடம்பு குளிர்ந்ததைப் பார்த்துவிட்டுக் குடிநீர் வேலை செய்துவிட்டது என்று மூட்டையைத் தோளில் போடுகிறார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால், எந்த ஊரில் நின்றாலும் சரி, இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். அதுவரை பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், அஸ்பிரின் வேண்டாம்.