ஜப்பானில் இந்திய கார்டு போட்டு யென் எடுப்பது எப்படி?

ஜப்பானில் ஹோட்டல், பெரிய கடை, ஷிங்கன்சென் (அதிவேக ரயில்) டிக்கெட் எல்லாவற்றுக்கும் கார்டு போதும். ஆனால் சின்ன ராமென் கடை வாசலில் நிற்கும் டிக்கெட் இயந்திரம், கோயில் நுழைவுக் கட்டணம், ஊர்ப்புறப் பேருந்து, ஸ்டேஷன் இயந்திரத்தில் சூய்க்கா கார்டுக்கு (ரயில், பேருந்து, கடைகளில் தட்டிச் செலுத்தும் ப்ரீபெய்டு கார்டு) பணம் ஏற்றுவது போன்ற இடங்களில் பெரும்பாலும் நோட்டுதான் செல்லும். இந்தியாவிலிருந்து கட்டுக்கட்டாக யென் வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. உங்கள் டெபிட் கார்டிலேயே அங்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை போகிறவர்கள் ஏடிஎம் முன் திண்டாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இயந்திரம் இல்லை, ஊரில் செய்யாமல் விட்ட வேலைதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கிளம்பும் முன்

ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறந்துவிட வேண்டும். வங்கியின் மொபைல் ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய், சர்வதேசப் பயன்பாடு என்பதைத் தேடுங்கள். அதற்குள் ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று தனித்தனியாக ஆன்-ஆஃப் இருக்கும். பலர் கடைக்கு மட்டும் ஆன் செய்துவிட்டு ஏடிஎம்மை மறந்துவிடுகிறார்கள்.

ஆன் செய்தால் மட்டும் போதாது, பக்கத்திலேயே இருக்கும் வரம்பையும் பாருங்கள். அது பூஜ்யமாகவோ ஐயாயிரம் ரூபாயாகவோ இருந்தால் அங்கே போய் என்ன அழுத்தினாலும் பணம் வராது. ஒரு நாளைக்கு 30,000 ரூபாய் அளவில் வைத்தால் தாராளமாகப் போதும்.

கார்டில் விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ரூபே கார்டு மட்டும் வைத்திருந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டில் செல்லும் ரூபே வகைகள் தனி. உங்களுடையது அந்த வகையா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வங்கிகளின் இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது சிம். ஏடிஎம்மில் பணம் எடுக்க ஓடிபி வேண்டாம். ஆனால் அங்கே போய் வரம்பை மாற்றவோ, பூட்டிய கார்டைத் திறக்கவோ ஆப்பைத் தொட்டால் அது இந்திய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி அனுப்பும். எனவே இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போடாதீர்கள். ரோமிங்கை இயக்கி, போனிலேயே வையுங்கள். இணையத்துக்கு ஜப்பானிய இ-சிம் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, புறப்படுவதற்கு முந்தைய நாள் உள்ளூர் ஏடிஎம்மில் ஒருமுறை பணம் எடுத்துப் பாருங்கள். யுபிஐ பழக்கத்தில் பின் நம்பரே மறந்துபோயிருக்கும்.

படி 2: எந்த இயந்திரம்?

ஜப்பானில் பல உள்ளூர் வங்கி ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டை வாங்காது. திரையில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிக் கார்டைத் திருப்பித் தந்துவிடும். அதற்காகப் பதற வேண்டாம், உங்கள் கார்டில் கோளாறு இல்லை.

நேராக செவன் இலெவன் கடைக்குப் போங்கள். நாடு முழுக்க 20,000-க்கு மேல் கடைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் செவன் பேங்க் ஏடிஎம் பெரும்பாலான இடங்களில் 24 மணி நேரமும் இயங்கும், ஆங்கிலத் திரையும் உண்டு. நரிட்டா, ஹனேடா, கன்சாய் விமான நிலையங்களிலும் இந்த ஏடிஎம் இருக்கிறது. அடுத்த தேர்வு தபால் நிலையங்களில் உள்ள ஜப்பான் போஸ்ட் பேங்க் ஏடிஎம். வெளிநாட்டுக் கார்டை அதுவும் ஏற்கும், ஆனால் கிளையைப் பொறுத்து இரவிலும் விடுமுறை நாளிலும் மூடியிருக்கலாம். ஜனவரி முதல் மூன்று நாட்கள் போகிறவர்கள் தபால் நிலையத்தை நம்ப வேண்டாம்.

படி 3: திரையில் என்ன அழுத்துவது?

1. கார்டைச் செருகி, ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. 'வித்ட்ராயல்' அழுத்துங்கள். இருப்புத் தொகை பார்க்கும் பட்டனைத் தொடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பைப் பார்ப்பதற்கே பல வங்கிகள் கட்டணம் பிடிக்கும். அதை ஆப்பிலேயே பாருங்கள்.
3. கணக்கு வகை கேட்டால் டெபிட் கார்டுக்கு 'சேவிங்ஸ்'. மறுத்தால் அடுத்த முறை 'செக்கிங்' அழுத்திப் பாருங்கள்.
4. பின் நம்பரை மறைத்து அடியுங்கள்.
5. தொகையைத் தேர்ந்தெடுங்கள். செவன் பேங்கில் சிப் கார்டுக்கு ஒருமுறைக்கு 1,00,000 யென் வரை வரும். உங்கள் வங்கியின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் எல்லை.
6. யென்னில் பிடிக்கட்டுமா, உங்கள் நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் யென். எப்போதும் யென்.

ஆறாவது படிதான் பலர் பணத்தை இழக்கும் இடம். திரையில் ரூபாய்க் கணக்கு தெளிவாகத் தெரிவதால் அதையே அழுத்தத் தோன்றும். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை உங்கள் கார்டு நிறுவனத்துக்குப் பதில் இயந்திரத் தரப்பு முடிவு செய்யும். அதில் அவர்களுடைய லாபம் சேர்ந்திருக்கும். அதற்கு மேல், வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கென்று தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகளும் உண்டு. எல்லாக் கார்டுக்கும் இந்தக் கேள்வி வராது. வராவிட்டால் நல்லதுதான்.

படி 4: ஒரேயடியாக எடுங்கள்

ஒவ்வொரு முறையும் மூன்று இடத்தில் பணம் போகிறது. செவன் பேங்க், 10,000 யென் வரை 110 யென்னும் அதற்கு மேல் 220 யென்னும் எடுக்கும் (உங்கள் திரையில் காட்டுவதே இறுதி). உங்கள் வங்கி ஒரு நிலையான கட்டணம் போடும். அதற்கு மேல் மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்தை ரூபாய்க் கணக்கில் மாற்ற வங்கி கூடுதலாகப் பிடிப்பது, பல கார்டுகளில் 3.5 சதவீதம். வங்கி போடும் இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி.

கணக்குக்காக ஒரு யென் 60 பைசா, வங்கியின் நிலையான கட்டணம் 125 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30,000 யென்னை ஒரே தடவையில் எடுத்தால் இயந்திரக் கட்டணம் 132 ரூபாய், வங்கிக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 147.50, மார்க்கப் ஜிஎஸ்டியோடு சுமார் 749. மொத்தம் ஏறத்தாழ 1,030 ரூபாய். அதே பணத்தை ஐயாயிரம் ஐயாயிரமாக ஆறு முறை எடுத்தால் இயந்திரத்துக்கு 396, வங்கிக்கு 885, மார்க்கப் சுமார் 760. கூட்டினால் 2,040 ரூபாய், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு வாரப் பயணத்துக்கு ஒருவருக்கு 30,000 யென் எடுத்துவிட்டு, மற்றதைக் கார்டில் தேய்ப்பது சரியாக வரும். அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

கிரெடிட் கார்டில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் டெபிட் கார்டு தொலைந்த அன்று மட்டும். கடையில் தேய்த்தால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல். ரொக்கக் கட்டணமும் மார்க்கப்பும் தனி. வேறு வழியின்றி எடுத்துவிட்டால் பில் வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆப்பில் திருப்பிக் கட்டிவிடுங்கள். மெஷினில் 'கிரெடிட்' என்ற வகையை அழுத்த வேண்டும், கார்டுக்குப் பின் நம்பரும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

பணம் வராவிட்டால்

முதலில் தொகையைக் குறைத்துப் பாருங்கள். 50,000 மறுத்த கார்டு 20,000 தரலாம். அப்படித் தந்தால் சிக்கல் வரம்பில்தான். தினசரி வரம்பு பெரும்பாலும் இந்திய நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அங்கே அது அதிகாலை 3.30. இரவு பதினொன்றுக்கு எடுத்துவிட்டு, தேதி மாறிவிட்டதே என்று 12.30-க்கு மறுபடி முயன்றால் மறுக்கும்.

பின் நம்பர் இரண்டு முறை தவறினால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது தவறில் கார்டு பூட்டிக்கொள்ளலாம்.

கணக்கில் கழிந்து பணம் கையில் வராமல் போனால், ரசீதையோ திரையின் படத்தையோ பத்திரப்படுத்துங்கள். கடை ஊழியரால் இதில் எதுவும் செய்ய முடியாது. இயந்திரத்தின் அருகிலுள்ள தொலைபேசியில் செவன் பேங்கிடம் சொல்லலாம், ஆனால் புகாரை உங்கள் வங்கியில்தான் பதிய வேண்டும். பணம் திரும்பத் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான். அதனால் ஆப்பில் அன்றே புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டை மாற்றுவது

கைக்கு வருவது பெரும்பாலும் 10,000 யென் நோட்டுகள். பேருந்தில் அதற்குச் சில்லறை கிடைக்காது, பல உணவக இயந்திரங்களும் 1,000 யென் மட்டுமே வாங்கும். எடுத்த கையோடு அதே கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிவிடுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன. சில பழைய இயந்திரங்கள் அவற்றை ஏற்பதில்லை. பழைய நோட்டும் செல்லும் என்பதால், மீதிச் சில்லறையில் பழைய 1,000 வந்தால் அதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். நாணயங்களை ஊருக்குக் கொண்டுவந்தால் மாற்ற முடியாது. கடைசி நாளில் அவற்றை சூய்க்காவில் ஏற்றிவிட்டு, விமான நிலையக் கடையில் அந்தக் கார்டைக் கொண்டே செலவழித்துவிடுங்கள்.