பழைய மதிப்பெண்ணைக் காட்டி மென்சாவில் சேர விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிண்டியிலோ ஐ.ஐ.டி.யிலோ படித்து, அமெரிக்க மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. எழுதிய சென்னைக்காரர்கள் பலரது வீட்டுப் பரணில் அந்த மதிப்பெண் தாள் இன்னும் பத்திரமாக இருக்கும். அதைக் காட்டியே, புதிதாகத் தேர்வு எழுதாமல் மென்சாவில் உறுப்பினராகிவிடலாம் என்று கேள்விப்பட்டதும் சிலருக்கு ஆசை எழுகிறது. ஆசையில் தவறில்லை. 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட அச்சங்கம், நுண்ணறிவில் மேல்வரிசை 2 சதவீதத்தில் இருப்போரைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு, விண்ணப்பதாரர் ஏற்கெனவே எழுதிய தேர்வுகளில் சிலவற்றையும் சான்றாக ஏற்கிறது. தாளில் உள்ள எண்ணைப் பார்ப்பவர்கள் அதன் மூலையில் உள்ள தேதியைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. என் கணிப்பில், பெரிய தவறும் அதுவே.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் 1988இல் ஜி.ஆர்.இ. எழுதியவர். மொழிப் பகுதியில் 430, கணிதத்தில் 780, பகுப்பாய்வில் 700, ஆக மொத்தம் 1910. அமெரிக்க மென்சாவின் பட்டியலில் 1875 என்ற வரம்பைக் கண்டதும் தமக்கு இடம் உறுதி என்று அவர் எண்ணிவிட்டார். ஆனால் மூன்று பகுதிகளையும் கூட்டும் அந்த வரம்பு, 1994 மே முதல் 2001 செப்டம்பர் வரை எழுதியவர்களுக்கு உரியது. அதற்கு முன்பு எழுதியவர்களுக்கு மொழியும் கணிதமும் மட்டுமே கணக்கில் வரும். அவை சேர்ந்து 1250 ஆக வேண்டும். அவருக்கு வந்தது 1210. சொற்பட்டியலை ராப்பகலாக உருப்போட்டும் கணக்குதான் காப்பாற்றியது என்று அவரே சிரித்துக்கொண்டார். 2001 செப்டம்பருக்குப் பிந்தைய ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. 1994 ஜனவரிக்குப் பிந்தைய எஸ்.ஏ.டி.க்கும் (அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு) அதே நிலைதான்.

அடுத்தது, ஒரு சோதனையின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிடுவது. ரேமண்ட் கேட்டல் (Cattell) என்ற உளவியலாளரின் நுண்ணறிவுச் சோதனையில் 148, பழைய ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையில் 132, வெக்ஸ்லர் சோதனையில் 130 ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டை, அதாவது மேல்வரிசை 2 சதவீதத்தின் எல்லையைத்தான் குறிக்கின்றன. அளவுகோலின் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) முறையே 24, 16, 15 என்று மாறுவதால் எண் மாறித் தெரிகிறது. எனவே சோதனையின் பெயரைச் சொல்லாமல் "எனக்கு ஐ.க்யூ. 140" என்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

சிறுவயதில் பள்ளி வழியாகச் சோதிக்கப்பட்டவர்களிடம் பினே-காமத் அறிக்கை இருக்கக்கூடும். 1934இல் வி. வி. காமத் இந்தியச் சூழலுக்கேற்ப உருவாக்கிய இச்சோதனை, மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கும் பழைய முறையைச் சேர்ந்தது. ஆறு வயதுக் குழந்தை ஒன்பது வயதுக்குரிய வினாக்களுக்கு விடை சொன்னால் 150 வந்துவிடும். அந்த 150ஐ, வளர்ந்தவர்களை அவர்கள் வயதினரோடு ஒப்பிடும் இன்றைய 150 என்று எடுத்துக்கொள்ள முடியாது. அத்துடன், மதிப்பெண்ணை ஒப்பிடப் பயன்படும் சராசரி அளவுகள் பழையதாக ஆக, மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் உப்பித் தெரியும் என்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார்.

ஜே.இ.இ. பெர்சென்டைலைக் காட்ட நினைப்பவர்களும் உண்டு. அது அத்தேர்வை எழுதியவர்களுக்குள் கிடைத்த இடமேயன்றி, மக்கள்தொகையில் கிடைத்த இடமன்று; மேலும் அது பாடப் பயிற்சியை அளக்கும் தேர்வு. இணையத்தில் பத்து நிமிடத்தில் முடியும் சோதனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு சங்கத்தில் செல்லும் தாள் இன்னொன்றிலும் செல்லும் என்று கொள்வதும் பிழை. மென்சாவைப் போன்ற சங்கங்களில் இன்டர்டெல் மேல்வரிசை 1 சதவீதத்தையும், டிரிபிள் நைன் 0.1 சதவீதத்தையும் கேட்கின்றன. மென்சாவிலேயே எந்தச் சான்றை ஏற்பது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. மேலே சொன்ன வரம்புகள் அமெரிக்கக் கிளைக்கு உரியவை என்பதால், கட்டணம் செலுத்துமுன் தாம் சேரவிருக்கும் கிளையிடம் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாகத் தாளைப் பற்றி. ஜி.ஆர்.இ. நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்குள்ளான மதிப்பெண்களையே அனுப்பும் என்பதால், பரணில் உள்ள மூலத்தாளுக்கு மாற்று கிடையாது. கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பாரிமுனைப் பகுதியில் ஒரு நோட்டரியிடம் நகலுக்குச் சான்றொப்பம் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. உளவியலாளரின் அறிக்கையானால் சோதனையின் பெயர், பதிப்பு, தேதி, முழு அளவு மதிப்பெண், கையொப்பம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒரு உட்பிரிவில் மட்டும் உயர்ந்த மதிப்பெண்ணை வட்டமிட்டு அனுப்புவதால் பயனில்லை. நம்மவர்களுக்கே உரிய சிக்கல் முன்னெழுத்து: அன்றைய தாளில் தந்தை பெயர் குடும்பப்பெயராக விரிந்திருக்கும், இன்றைய ஆதாரில் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும், பெண்களுக்கு அவ்விடத்தில் கணவர் பெயர் வந்திருக்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை அதே நோட்டரியிடமே முடித்துக்கொண்டால், இன்னொரு முறை பாரிமுனைக்கு அலைய வேண்டியதில்லை.